மூட்டு மாற்றியாயிற்று, வலி ஏன் இன்னும் இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றியவைதான் அதிகம். அதிலும் 'எப்படிச் செய்வார்கள்' என்று கேட்டவர்கள் குறைவு, 'செய்துகொண்டு வந்துவிட்டேன், வலிக்கிறதே' என்று எழுதியவர்கள்தான் நிறைய. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களைப் போடவில்லை, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் செல்லும். என் பதில் அந்தச் சீட்டைப் புரிந்துகொள்ள உதவினால் போதும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. ஆபரேஷன் முடிந்து 4 நாள் ஆகிறது. முதல் நாள் வலியே இல்லை என்று சிரித்துப் பேசினார். மறுநாளிலிருந்து ஒரே வலி. மாத்திரை கொடுத்தால் 'இப்போ வலிக்கலை, எதுக்கு? கிட்னி கெட்டுப்போயிடும்' என்று தள்ளிவிடுகிறார். ராத்திரி ஆனால் அழுகிறார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதல் நாள் அம்மா சிரித்துப் பேசியது மருந்தின் தயவால். முதுகில் போடும் ஊசி சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும். அது தவிர, தையல் போடுவதற்கு முன்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளிலேயே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிடும் வழக்கமும் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தீர்ந்துவிடும். இதெல்லாம் இறங்கும்போதுதான் வலி தன் சொரூபத்தைக் காட்டும். ஆகவே இரண்டாவது மூன்றாவது நாள் முதல் நாளைவிட மோசமாக இருந்தால் ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் வலி ஏன் என்பதும் புரியும். தசையை விலக்கி, தொடை எலும்பின் தலையை அறுத்தெடுத்து, எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கி, இடுப்பெலும்பில் இருக்கும் குழியைச் சுரண்டிச் சீராக்கி அதில் ஒரு கிண்ணத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். தேய்ந்த மூட்டு கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய வலி பெரும்பாலும் அன்றைக்கே விடைபெற்றிருக்கும், நிறையப் பேர் அதைக் கவனித்துச் சொல்வார்கள். இப்போது இருப்பது வெட்டுப்பட்ட இடம் ஆறுகிற வலி, நாளாக நாளாகக் குறைய வேண்டிய வலி. முதல் 2 வாரம் கடினம், 6 வாரத்தில் பெரும்பகுதி போய்விடும், மிச்சம் மீதி 3 மாதம் வரை இருக்கும், சிலருக்கு லேசான குடைச்சல் ஒரு வருடம்கூட இழுக்கும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். வலி வந்த பிறகு விழுங்கினால் அது வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் வலி ஏறி, தசை இறுகி, தூக்கம் போய், ஒரு மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டியது அப்புறம் எதற்கும் அடங்காது. அதனால்தான் முதல் சில நாட்களுக்கு வலியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்கிறோம். ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதற்குப் பதில் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பதுதான் இப்போதைய முறை. சீட்டில் இத்தனை மாத்திரையா என்று மலைப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

அம்மாவின் கிட்னி பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பாரசிட்டமாலைச் சொன்ன அளவில் எடுத்தால் கிட்னிக்குப் பெரிய தொல்லை கிடையாது, அதில் கவனிக்க வேண்டியது கல்லீரல். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு, எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் பிரச்சினையோ குடிப்பழக்கமோ இருந்தாலோ அதைவிடக் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும், வலிக்கான கூட்டு மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், செலிகாக்சிப் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் வேறு ரகம். அம்மா பயப்பட வேண்டியது என்றால் இவற்றுக்குத்தான். வயிற்றுப்புண், கிட்னிக் கோளாறு, இதய நோய் இருப்பவர்களுக்கு இவை ஆகாமல் போகலாம், ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்தால் கிட்னிக்கு மும்முனைத் தாக்குதல். டாக்டர் எழுதியிருந்தால் அதையெல்லாம் பார்த்துத்தான் எழுதியிருப்பார். எழுதாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அம்மாவிடம் வலி முழுவதும் போய்விடும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், போகாது, அப்புறம் உங்களை நம்ப மாட்டார். 'இதைப் போட்டால் எழுந்து பாத்ரூம் வரை நடக்கலாம், ராத்திரி நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கலாம்' என்று சொல்லுங்கள். மாத்திரை அதற்குத்தான்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி 12 நாள். டிராமடால் கலந்த மாத்திரை தருகிறார்கள். வலி குறைகிறது, ஆனால் தலை சுற்றுகிறது, 4 நாளாக மலம் கழியவில்லை. பழக்கமாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இன்றோடு நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் மலச்சிக்கல், ஏனென்றால் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வலியைவிடப் பெரிய அவஸ்தையில் கிடப்பவர்கள் அதிகம். டிராமடால், கோடீன், மார்ஃபின், ஆக்சிகோடோன் எல்லாம் ஓபியாய்டு குடும்பம். மூளைக்குப் போகும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துவது போலவே குடலின் அசைவையும் மட்டுப்படுத்தும். கூடவே நீங்கள் படுத்தே இருக்கிறீர்கள், சாப்பாடும் தண்ணீரும் குறைந்திருக்கும். நார்ச்சத்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று விட்டால் போதாது, தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் ஏற்றினால் இன்னும் இறுகும். இந்த மாத்திரை தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்குவதுதான் சரி, உங்கள் சீட்டில் இல்லையென்றால் இன்றே போன் செய்து கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே போய்விடுங்கள்.

தலைசுற்றல் ஏன் முக்கியம் என்றால் கீழே விழுந்துவிடுவீர்கள் என்பதால்தான். புது மூட்டோடு விழுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ராத்திரி எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்திருந்து, விளக்கைப் போட்டு, வாக்கரைப் பிடித்த பிறகு எழுந்திருங்கள். தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம், சில மன அழுத்த மாத்திரைகளோடு டிராமடால் ஒத்துப்போகாது. வலிப்பு நோய் இருந்தாலும் டிராமடால் வேண்டாம் என்பார்கள். மது இந்தப் பக்கமே வரக்கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எழுப்பினால் எழாத அளவுக்கு மயங்கிக் கிடந்தால், மூச்சு மிக மெதுவாக வந்தால், அசதியில் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள், அவசர உதவியை அழையுங்கள்.

பழக்கமாகிவிடுமா? சில நாள், ஓரிரு வாரம் சொன்ன அளவில் எடுத்து நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவது, வலிக்காக ஆரம்பித்து அப்புறம் தூக்கத்துக்காகவும் மன அமைதிக்காகவும் போட்டுக்கொள்வது, அங்கேதான் சிக்கல். நீங்கள் 12 நாளில் நிறுத்த நினைப்பது நல்ல யோசனை, ஆனால் இன்றோடு வெட்டிவிட வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு படிப்படியாக இறங்குங்கள். பகல் வேளை மாத்திரைகளை முதலில் குறைத்து, இடைவெளியை நீட்டி, உடற்பயிற்சிக்கு முன்பு ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று கொண்டுவந்து, அப்புறம் அதையும் விடலாம். பாரசிட்டமால் கடைசியாகப் போகட்டும். உங்களுடையது கூட்டு மாத்திரை என்பதால் அதைக் குறைக்கும்போது உள்ளே இருக்கும் பாரசிட்டமாலும் குறைகிறது, தனிப் பாரசிட்டமால் எத்தனை சேர்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற டிராமடாலைப் பின்னால் யாருக்காவது ஆகும் என்று அலமாரியில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஐஸா, வெந்நீர் ஒத்தடமா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை.

பதில்: முதல் சில வாரங்களுக்கு ஐஸ் கட்சிக்குத்தான் என் ஓட்டு. துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, குறிப்பாக நடந்துவிட்டு வந்த பிறகு. வெறும் தோலில் வைக்காதீர்கள், தையலைச் சுற்றித் தோல் மரத்திருப்பதால் சுட்டாலும் குளிரில் புண்ணானாலும் தெரியாது. காயம் நன்றாக ஆறி வீக்கம் வற்றிய பிறகு முதுகிலோ தொடையிலோ தசை இறுகியிருந்தால் மிதமான சூடு சுகமாக இருக்கும். தைலம் எதையும் தையல் மேல் தடவ வேண்டாம்.

கேள்வி: இடுப்பில்தான் ஆபரேஷன். ஆனால் 9வது நாளில் தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் வீங்கி, தொடையின் பின்பக்கம் ஊதா நிறமாகிவிட்டது. சாதாரணமா?

பதில்: பெரும்பாலும் சாதாரணம். மூட்டைச் சுற்றிக் கசிந்த ரத்தமும் நீரும் தன் எடையில் கீழே இறங்கும், அதனால் வெட்டாத இடமெல்லாம் கன்றிப்போய்த் தெரியும். வீக்கம் ஒரு வாரம் பத்து நாள் வாக்கில் அதிகமாகி, பிறகு மெல்ல வற்றும், சாயங்காலத்தில் கணுக்கால் கனப்பது சில மாதங்களுக்குக்கூட இருக்கும். வீட்டுக்கு வந்த உற்சாகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவர்களுக்கு இது அதிகம். பகலில் இரண்டு மூன்று தடவை மல்லாந்து படுத்து, காலைத் தலையணைகள் மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். மணிக்கு ஒரு முறையாவது பாதத்தை மேலும் கீழும் பம்ப் அடிப்பது போல் அசையுங்கள்.

இதோடு பதிலை முடித்துவிட முடியாது, ஏனென்றால் ரத்தக்கட்டியும் வீக்கமாகத்தான் வரும். கெண்டைக்காலில் புதிதாக ஒரு பிடித்த வலி, தொட்டால் சூடு, சிவப்பு, காலைத் தூக்கி வைத்தும் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தும் வற்றாத வீக்கம் என்றால் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகம் இருக்கும்போது காலைப் பிடித்துவிடுகிறேன், தேய்த்துவிடுகிறேன் என்று யாரையும் அனுமதிக்காதீர்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அது ஆம்புலன்ஸ் கேஸ். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஊசியோ மாத்திரையோ பலருக்கு 4, 5 வாரம் வரை ஓடும். வலி போய்விட்டது என்று வலி மாத்திரையோடு சேர்த்து இதையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்த மருந்து ஓடும்போது ஐபுபுரூஃபன் போன்றவற்றைத் தானாக வாங்கிச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

கேள்வி: பகலில் சமாளிக்கிறேன். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை தூக்கமில்லை. மூன்றாவது வாரம்.

பதில்: தூக்கம் கெடுவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மிகச் சாதாரணம், பல வாரம் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை. நாள் முழுவதும் மல்லாந்தே படுத்தால் யாருக்கும் முதுகு வலிக்கும். ஒருக்களித்துப் படுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அனுமதித்தால் ஆபரேஷன் செய்யாத பக்கமாகப் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கெட்டியான தலையணை வைத்து, மேல் கால் முன்னால் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டின் பின்பக்கமாக ஆபரேஷன் செய்தவர்களுக்குக் காலைக் குறுக்கே போடுவதும் உள்பக்கம் திருப்புவதும்தான் மூட்டு நழுவ வைக்கும். கடைசி வேளை வலி மாத்திரையைச் சாயங்காலமே முடித்துவிடாமல் படுக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். தூக்க மாத்திரை கேட்காதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன். 2 மணிக்கு விழித்தால் படுத்துப் புரள்வதைவிட, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து படுப்பது நிறையப் பேருக்குப் பலன் தருகிறது.

கேள்வி: இடுப்பு நன்றாக இருக்கிறது, முழங்கால்தான் வலிக்கிறது. காலும் நீளமாகிவிட்டது போல் இருக்கிறது. தப்பாகச் செய்துவிட்டார்களோ?

பதில்: இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் ஒன்றே, அதனால் இடுப்பின் வலி முழங்காலில் தெரிவது உண்டு. ஆபரேஷனுக்கு முன்னாலும் பலருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். கால் நீளமாகத் தோன்றுவது பெரும்பாலும் நாள்பட்டுச் சுருங்கிப்போன தசைகள் இன்னும் தளராததால், இடுப்பெலும்பு சாய்ந்து நிற்பதால். அவசரப்பட்டுச் செருப்புக்கு அட்டை வைக்காதீர்கள், வைத்தால் அந்தச் சாய்வு அப்படியே நிலைத்துவிடும். 3 மாதம் பார்த்துவிட்டு அளந்துகொள்ளலாம். திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியவில்லை என்றால் அது வேறு கதை, மூட்டு நழுவியிருக்கலாம் அல்லது எலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: பிசியோதெரபிஸ்ட் வந்தாலே பயமாக இருக்கிறது. வலித்தால்தான் பலன் என்கிறார். எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்வது?

பதில்: முழங்கால் மாற்றியவர்களுக்கு மூட்டை மடக்க வைப்பதற்காகக் கொஞ்சம் வலியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இடுப்புக்கு அவ்வளவு தேவையில்லை, இங்கே நடைதான் முக்கியமான பயிற்சி. தசை இழுக்கிறது, களைப்பாக இருக்கிறது என்பது சரி. குத்தல், வெட்டி இழுப்பது போன்ற வலி என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை, முடித்ததும் ஐஸ். கூடின வலி ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையிலும் அதே வலி என்றால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள், ஆனால் முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். இன்று நன்றாக இருக்கிறதே என்று இரண்டு மடங்கு நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற வேலை. அப்புறம், கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், அதே பக்கத்தில் பிடித்தால் மூட்டின் சுமை குறையாது. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

கேள்வி: 8 மாதம் ஆகிறது. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடையில் வலி, அப்புறம் போய்விடுகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இதோடு வாழப் பழக வேண்டியதுதானா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை. இந்த வலி மூன்றாம் மாதத்தைவிட இப்போது குறைவா, அதேதானா, அதிகமா? எனக்கு வேண்டியது அதுதான். வலி எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களில் பரவலாக்கிய முறையில் எலும்புச் சிமென்ட் வைத்துத் தண்டை நிறுத்துவார்கள். இப்போது சிமென்ட் இல்லாமல் இறுக்கமாக இறக்கி, எலும்பு தானாக அதன் மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ள விடும் முறையும் நிறைய இருக்கிறது. இந்த இரண்டாவது முறையில் எழுந்து முதல் சில அடிகளில் தொடை வலிப்பது உண்டு, எலும்பு பிடித்துக்கொள்ள எடுக்கும் காலம் அது, பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டு வருடத்துக்குள் தானாகத் தேய்ந்து போகும். குறைந்துகொண்டு வருகிறது என்றால் பொறுத்திருங்கள். அதேபோல நிற்கிறது அல்லது கூடுகிறது என்றால், தண்டு பிடிக்கவில்லையோ என்று பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது போதாது.

வலி வேறு இடத்தில் என்றால் காரணமும் வேறு. தொடையின் வெளிப்பக்க மேட்டில், அந்தப் பக்கம் படுத்தால் வலிப்பது பெரும்பாலும் அங்குள்ள தசைநாரின் எரிச்சல், பயிற்சியில் சரியாகும். தொடை இடுக்கில், காரில் ஏறக் காலைத் தூக்கும்போது மட்டும் வலித்தால் மூட்டின் முன்னால் ஓடும் தசைநார் கிண்ணத்தின் விளிம்பில் உரசலாம். பிட்டத்திலிருந்து கால் வரை மின்சாரம் பாய்வது போல் இருந்தால் முதுகுத்தண்டைப் பாருங்கள், அதை யாரும் ஆபரேஷன் செய்யவில்லை.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் குறைந்துவந்த வலி திரும்பிக் கூட ஆரம்பித்தால், உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் விடாமல் இருந்தால், தையலில் கசிவோ சிவப்போ தெரிந்தால், கிருமித் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை விடக்கூடாது. காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு. அதற்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் ஒளிந்துகொள்ளும், நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

இதையெல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றாலும் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வலி நீண்ட நாள் தங்கிவிடுகிறது. அவர்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. வலி மருத்துவர், பிசியோதெரபி, நரம்பு வலிக்கான மருந்து என்று வழிகள் உண்டு. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு உங்கள் சிகிச்சை முடிந்துவிடவில்லை, இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். வலி குறைய இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. வாக்கரில் நடப்பதையும் பயிற்சிகளையும் இப்போதே கற்றுக்கொண்டால் வலியில் இருக்கும்போது புதிதாகக் கற்க வேண்டியதில்லை. புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள், காயம் ஆறுவதே அதனால் தாமதமாகும். மாதக்கணக்காக ஓபியாய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரண அளவு மருந்து எட்டாது. அப்படியிருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தாழ்வான நாற்காலி, தாழ்வான கட்டில், காலில் தடுக்கும் மிதியடி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து இப்போதே ஒதுக்குங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்கும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, முன்பு எந்த ஆபரேஷனில் வாந்தி நிற்காமல் வந்தது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மூலிகை மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.